ஒரே மழை, வெவ்வேறு வீடுகள்: பருவநிலை மாற்றம் இடர்களை எப்படி மாற்றுகிறது?

2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், சனிக்கிழமை மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிடித்த மழை இரவு முழுவதும் விடவில்லை. மறுநாள் விடியும்போது தீவிலும் எதிரே பெருநிலத்திலும் ஏராளமான வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. சில மழைமானிகள் ஒரு நாளுக்குள் 300 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழையைப் பதிவு செய்தன. பலத்த காற்றில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஏழு பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களில் தங்க வேண்டியதாயிற்று. "ஐப்பசி மழை அடைமழை" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்குத் தீபாவளியை ஒட்டி மழை பெய்வது புதிதல்ல; இங்கே பருவக்காற்று மாறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கூடுவது வழக்கம்தான். ஆனால் அந்த இரவில் பெய்தது வழக்கமான ஐப்பசி மழை அல்ல.

தண்ணீர் வடிந்தபின் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஆற்றை ஒட்டிய ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே ஒரு குடும்பம் தரையைக் கழுவி, நனைந்த மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பிவிடுகிறது. நான்கு வீடு தள்ளி இருக்கும் மற்றொரு குடும்பம் குளிர்பெட்டியையும், துணி துவைக்கும் இயந்திரத்தையும், பிழைப்புக்கு ஆதாரமான மோட்டார் சைக்கிளையும் இழந்து, ஓராண்டுக்குப் பிறகும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு கூரைகளின் மீதும் ஒரே மழைதான் பெய்தது. அப்படியானால் பேரிடரை உண்டாக்கியது மழை மட்டும்தானா? பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வானத்தையே பார்க்கிறோம். தரையையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் முழுமையாக விளங்கும்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கனமழை, வெள்ளம், நிலச்சரிவு, வறட்சி, கடும் வெப்பம், புயல் ஆகியவை இயற்கை இடர்கள். இடர் என்பது தீங்கு விளைவிக்கக்கூடிய ஒரு நிகழ்வு; அது வரும் இடத்தில் மனிதர்கள் இல்லையென்றால் அதனால் பேரிடர் உண்டாவதில்லை. பினாங்குத் தீவின் கொடிமலையின் காட்டுச் சரிவில் நள்ளிரவில் மண் சரிந்தால் காலையில் அது ஒரு செம்மண் தழும்பாகத் தெரியும், அவ்வளவுதான். அதே சரிவின் அடியில் தொழிலாளர்கள் தங்கும் கொட்டகை இருந்தால் அது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருகிறது. இடர் வரும் பாதையில் யார் இருக்கிறார்கள், எத்தனை வீடுகளும் பள்ளிகளும் கடைகளும் இருக்கின்றன என்பது இரண்டாவது கூறு. அதை இடருக்கு ஆட்படுதல் எனலாம். மூன்றாவது கூறு நலிவு: அங்கே இருப்பவர்கள் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவார்கள், பாதிப்பிலிருந்து எழ அவர்களிடம் என்ன இருக்கிறது என்பது. இந்த மூன்றும் ஒன்று சேரும்போதுதான் பேரிடர் உருவாகிறது.

எல்லா இடர்களும் பருவநிலையோடு தொடர்புடையவை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் மலேசியாவில் 68 உயிர்களைப் பறித்த ஆழிப்பேரலைக்குச் சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கமே காரணம். அந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். புவி வெப்பமாவதற்கும் அந்த நிலநடுக்கத்துக்கும் தொடர்பில்லை. எது நடந்தாலும் பருவநிலை மாற்றத்தின் மீது பழி போடுவது, உண்மையிலேயே அதனால் மோசமாகும் இடர்களைப் பற்றிய பேச்சின் வலுவைக் குறைத்துவிடும்.

இனி வானத்துக்கு வருவோம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் காற்றில் சேரும் கரியமில வாயு, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் கணக்குப்படி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. ஒரு டிகிரி என்பது காதுக்குச் சிறிதாகத்தான் ஒலிக்கும். ஆனால் காற்றின் வெப்பம் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுகிறது. வெப்பமான கடலிலிருந்து அதிக நீர் ஆவியாகி, அதைத் தாங்கும் திறனும் கூடிய காற்றில் ஏறி, மேகம் உடையும்போது அத்தனையும் குறுகிய நேரத்தில் கொட்டிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, ஆண்டு முழுவதும் பெய்யும் மொத்த மழையை விட, சில மணி நேரத்தில் பெய்யும் மழையின் கடுமையே கூடுகிறது என்பதாகும். நம் வடிகால்கள் ஆண்டு மழையைக் கண்டு திணறுவதில்லை. அந்தச் சில மணி நேரத்தில்தான் திணறுகின்றன.

"நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழை" என்ற சொற்றொடரை 2021 டிசம்பரில் கோலாலம்பூரும் சிலாங்கூரும் வெள்ளத்தில் மூழ்கியபோது நாம் அடிக்கடி கேட்டோம். பலர் அதை, இனி நூறு ஆண்டுகளுக்குக் கவலை இல்லை என்று புரிந்துகொண்டார்கள். அந்தச் சொற்றொடர் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. எந்த ஓர் ஆண்டிலும் அப்படிப்பட்ட மழை பெய்ய 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பது மட்டுமே அதன் பொருள். வீட்டுக்கடன் கட்டி முடிக்க முப்பது ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த முப்பது ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது அந்த மழையைச் சந்திக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு, அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். வெப்பம் கூடி, அதே மழை ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழையாகிவிட்டால் அந்த வாய்ப்பு 45 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையின் அளவு மாறவில்லை. அது கதவைத் தட்டும் வாய்ப்புத்தான் மாறியிருக்கிறது. பழைய மழைக் கணக்கை வைத்துக் கட்டிய கால்வாயும் பாலமும் மதகும் அப்படியே இருக்க, அவற்றின் மீது இறங்கும் மழை மட்டும் வேறாகிக்கொண்டே வருகிறது.

கடலையும் மறக்கக் கூடாது, குறிப்பாகத் தீவில் வாழும் நாம். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. வெப்பத்தால் கடல்நீரே விரிவடைவதும், பனிப்பாறைகளும் பனிப்படலங்களும் உருகிக் கடலில் சேர்வதும் இதற்குக் காரணங்கள். 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் இந்த உயர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் நடந்தது. இது வீட்டு வாசலில் எப்படித் தெரிகிறது என்றால், பினாங்கு ஆறு மலையடிவாரத்திலிருந்து நகரத்தின் ஊடே கடலுக்கு வரும் நீளம் குறைந்த ஆறு. மலையில் பெய்த மழை மிக விரைவில் தாழ்வான பகுதிகளுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் ஆற்று நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, லோங்காங் எனப்படும் தெருவோரக் கால்வாய் வழியாகவே வீடுகளை நோக்கித் திரும்புகிறது. ஏற்றத்தின் உயரம் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகக் கூடக்கூட, முன்பு வடிந்துபோன அதே மழை இனி வடியாமல் நிற்கும்.

மலையின் கதை வேறு. பினாங்குத் தீவின் மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. வெப்பமும் மழையும் சேர்ந்து அந்தக் கல்லின் மேற்பகுதியை நீண்ட காலமாகச் சிதைத்துத் தடித்த மண்ணாக்கி வைத்திருக்கின்றன. மழைநீர் அந்த மண்ணுக்குள் இறங்கித் துகள்களுக்கு இடையிலான வெளியை நிரப்பும்போது உள்ளே நீரின் அழுத்தம் கூடுகிறது, துகள்களின் பிடிப்பு தளர்கிறது, மண்ணின் எடையும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் சரிவு தன்னைத் தாங்க முடியாமல் இறங்கிவிடுகிறது. மரத்தின் வேர்கள் இந்தப் பிடிப்புக்கு உதவுகின்றன. காட்டை வெட்டி, சரிவைச் செங்குத்தாகச் செதுக்கி, நீர் வடியும் வழியை அடைத்துவிட்டால் அதே மழைக்கு அதே மலை சரிந்துவிடும். 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்கா என்ற பகுதியில் ஒரு கட்டுமானத் தளத்தில் நிகழ்ந்த நிலச்சரிவில் 11 பேர் இறந்தனர். சரியாக ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2018 அக்டோபர் 19-இல் புக்கிட் குக்குஸ் சாலைத் திட்டத்தில் மண் சரிந்து 9 வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இறந்தனர். கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலத்தையும், 25 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவையும் மலைநிலமாகக் கருதி அங்கே கட்டுமானத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பினாங்கில் விதி இருக்கிறது. மழை கடுமையாகிவரும் காலத்தில், அந்த விதிக்கு அளிக்கப்படும் ஒவ்வொரு விலக்கும் முன்பைவிட ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. இறந்தவர்களில் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். எங்கே தங்குவது, எந்த மழையில் வேலையை நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை அவர்கள் கையில் இல்லை. நலிவு என்று மேலே சொன்னதன் மிகக் கூர்மையான வடிவம் இதுதான்.

வெள்ளமும் நிலச்சரிவும் சத்தத்தோடு வருகின்றன. வெப்பம் சத்தமின்றி வருகிறது. ஓர் இடத்தில் தொடர்ந்து மூன்று நாள்களுக்கு அன்றாட உச்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி வரை இருந்தாலே மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதற்கட்ட எச்சரிக்கை விடுக்கிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நினோ ஆண்டுகளில் இது இன்னும் கடுமையாகும். நாட்டின் உச்ச வெப்பநிலையான 40.1 டிகிரி, பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் பதிவானது அப்படியோர் ஆண்டில்தான், 1998 ஏப்ரலில். நம் நாட்டில் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடல் குளிர்வதில்லை. கோலாலம்பூர் போன்ற நகரத்தில் சிமெண்டும் தார்ச்சாலையும் பகலில் விழுங்கிய வெப்பத்தை இரவில் வெளியே விடுகின்றன. ஆகவே தூங்கும் நேரத்திலும் உடலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. குளிர்சாதன அறையில் வேலை செய்பவருக்கு இது ஓர் அசௌகரியம். வெயிலில் சாலை போடுபவருக்கும், நாள் முழுக்க நிற்கும் பாதுகாவலருக்கும், அடுக்குமாடியின் உச்சித் தளத்தில் மின்விசிறியோடு மட்டும் படுத்திருக்கும் முதியவருக்கும் உயிர் போகும் விஷயம்.

இப்போது தரைக்கு வருகிறேன். நலிவு என்றால் ஏழ்மை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ஏழ்மை அதன் பெரும்பகுதி. முதலில் சொன்ன தெருவின் இரண்டாவது குடும்பத்தைத் திரும்பவும் நினைத்துப் பாருங்கள். வாடகை குறைவு என்பதால் அவர்கள் தாழ்வான, அடிக்கடி தண்ணீர் ஏறும் வீட்டில் இருக்கிறார்கள். மாடி இல்லாததால் பொருள்களைத் தூக்கி வைக்க இடமில்லை. மோட்டார் வாகனக் காப்புறுதியில் வெள்ளத்துக்கான பாதுகாப்பைத் தனியே பணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். கையைக் கடிக்கும் மாதத்தில் முதலில் விடுபடுவது அதுதான். நாள்கூலி என்பதால் நிவாரண மையத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் ஊதியம் இல்லாத நாள். சேமிப்பு இல்லாததால் புதிய குளிர்பெட்டி தவணையில் வருகிறது. அந்தத் தவணை முடிவதற்குள் அடுத்த வெள்ளம் வந்தால்?

பருவநிலை மாற்றம் நலிவைத் தொடும் இடம் இந்தக் கேள்விதான். இடர்கள் அரிதாக வரும்போது அடிபட்டவர் எழுந்து நிற்க இடைவெளி கிடைக்கிறது. அவை நெருங்கி நெருங்கி வரும்போது அந்த இடைவெளி சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் சிறிது நகை அடகுக்குப் போகிறது, பிள்ளையின் படிப்புச் செலவு தள்ளிப்போகிறது, ஈரச் சுவரில் படிந்த பூஞ்சையால் வீட்டில் ஒருவருக்கு மூச்சிரைப்பு நிரந்தரமாகிறது. அடுத்த வெள்ளத்தின் அளவு முந்தையதைவிடச் சிறிதாக இருந்தாலும், அதைச் சந்திக்கும் குடும்பம் முன்பைவிட நலிந்திருப்பதால் சேதம் பெரிதாகிறது. ஆகவே பருவநிலை மாற்றம் இடரை மட்டும் கூட்டுவதில்லை. மனிதர்களின் தாங்கும் திறனையும் தேய்க்கிறது. உலக அளவிலும் இது கண்கூடு. 2010-க்கும் 2020-க்கும் இடையில் வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றால் நேர்ந்த இறப்பு விகிதம், நலிவு மிகக் குறைந்த பகுதிகளைவிட மிக நலிந்த பகுதிகளில் 15 மடங்கு அதிகமாக இருந்தது என்று ஐபிசிசி கூறுகிறது.

நலிவுக்கு ஒரு வரலாறும் உண்டு, அது நம் சமூகத்தின் வரலாற்றோடு பின்னியிருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியும் போனபோது, தோட்ட வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்த தமிழ்க் குடும்பங்கள் நகரங்களை நோக்கி வந்தன. கையில் நிலமோ சேமிப்போ இல்லாதவர்களுக்கு நகரம் தந்த இடங்கள் ஆற்றோரப் புறம்போக்குக் குடியிருப்புகளும், இருப்புப்பாதை ஓரங்களும், பின்னாளில் மலிவுவிலை அடுக்குமாடிகளும், தாழ்நிலத்தில் எழுந்த தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளும்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியபோது, மேல்மாடியிலும் கூரையிலும் மீட்புப் படகுக்காகக் காத்திருந்தவர்களில் நம்மவர்கள் பலர் இருந்தது தற்செயல் அல்ல. ஒரு சமூகம் எங்கே வாழ நேர்ந்தது என்பதில்தான் அது எந்த வெள்ளத்தைச் சந்திக்கப் போகிறது என்பதும் அடங்கியிருக்கிறது. அந்த வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என மதிப்பிட்டது. பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்குத் தொடக்கத்தில் கிடைத்த அரசின் ரொக்க உதவி 1,000 ரிங்கிட்.

பெரிய கட்டுமானங்கள் உதவாதா என்று கேட்கலாம், உதவும். 2007-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூரின் 9.7 கிலோமீட்டர் நீளமான ஸ்மார்ட் சுரங்கம், ஆற்றின் பெருக்கை நகர மையத்துக்கு வெளியே திருப்பி, பல வெள்ளங்களைத் தடுத்திருக்கிறது. ஆனால் அது காக்கும் பரப்புக்கு எல்லை உண்டு. 2021-இல் தண்ணீர் புகுந்த தாமான்கள் பலவும் அந்த எல்லைக்கு வெளியே இருந்தவை. பினாங்குத் தீவின் நகர்ப்பகுதிகளுக்குச் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உதவும் சர்வதேசத் தழுவல் நிதியம் ஒரு கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கிய திட்டம் வேறு வழியில் போகிறது: தெருவோரங்களில் மரம் நடுவது, மழைநீரைத் தேக்கி மெல்ல விடும் பசுமை இடங்களை அமைப்பது, நலிந்த மக்களை அடையாளம் காண்பது. இரண்டும் வேண்டும். எனினும் பணமும் நிலமும் குறைவாக உள்ள இடத்தில் எது முதலில் என்று கேட்டால், நலிவைக் குறைக்கும் செலவையே நான் முன்னே வைப்பேன். இடர் எந்த அளவில் வந்தாலும் அது பயன்படும். சுவரும் சுரங்கமும் தாம் கணக்கிட்ட அளவு வரைதான் காக்கும்.

எல்லாவற்றிலும் மலிவான பாதுகாப்பு முன்னெச்சரிக்கை. நீர்ப்பாசன, வடிகால் துறை நாடெங்கும் ஆறுகளின் மட்டத்தைத் தானியங்கிக் கருவிகளால் அளந்து, இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு நிலைகளாகப் பிரித்து யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுகிறது. மழை நிற்காத இரவில், தங்கள் வீட்டுக்கு மேற்புறத்தில் உள்ள நிலையத்தின் அளவைப் பார்க்கத் தெரிந்த குடும்பத்துக்குச் சில மணி நேர அவகாசம் கிடைக்கிறது. மோட்டார் சைக்கிளை மேட்டுக்கு நகர்த்தவும், பிறப்புச் சான்றிதழ்களையும் மருந்துகளையும் ஒரு பையில் போடவும், மின்சாரத்தை நிறுத்தவும் அது போதும். ஆனால் அந்த எச்சரிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் கைப்பேசித் திரையில் வருகிறது. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த, முழங்கால் வலியால் படி ஏற முடியாத பாட்டிக்கு அதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். உங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், தண்ணீர் எச்சரிக்கை நிலையைத் தொட்டதும் யார் அவர்கள் கதவைத் தட்டுவது, யாருடைய காரில் ஏற்றுவது என்பதை, வரும் ஐப்பசிக்கு முன்பே கோவில் மண்டபத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ உட்கார்ந்து பெயர் பெயராக எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.